துறை தேடிய ஆண்டுகள்

நுழையும்முன்

அறிவியல் பிரிவில் பயிலும் மாணவரிடம் வீட்டாரும் உற்றாரும் ஓயாது கேட்கும் வினா, அடுத்து என்ன படிக்கப்போகிறாய் என்பது. அவ்வினாவுக்கு உடனே விடை சொல்லத் தெரியாதவர்கள் பலர். கம்பியில்லாத் தொடர்பின் முன்னோடிகளுள் ஒருவராகவும், தாவரங்களின் துலங்கலை நுண்ணிய கருவிகளால் அளந்து காட்டியவராகவும் உலகம் அறிந்த ஜெகதீச சந்திர போஸ், தம் 23ஆம் வயதிலும் அவ்வினாவுக்கு விடை தேடிக்கொண்டிருந்தவரே. அவர் தம் துறையைக் கண்டடைந்த வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

வங்கத்தில் இளமை

1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள மைமன்சிங்கில் போஸ் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் ஆங்கிலேய அரசில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் அரசு அலுவலர்கள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பதைப் பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ, ஃபரித்பூரில் தாம் பணியாற்றியபோது, மகனைத் தாய்மொழியான வங்கமொழிப் பள்ளிக்கு அனுப்பினார். வகுப்பில் போஸுக்கு ஒருபுறம் தந்தையாரின் ஏவலராக இருந்த இசுலாமியர் ஒருவரின் மகனும் மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் அவர்கள் சொன்ன கதைகளே சிறுவனுக்கு உயிரியலின் முதல் பாடமாயின. பள்ளி விட்டு அவர்களோடு வீடு திரும்பினால், பழைமையான வழக்கங்களில் ஊறிய தாயார் பாமா சுந்தரி எல்லாப் பிள்ளைகளையும் வேறுபாடின்றி வரவேற்று உணவிட்டார்.

சிறுவனைத் தோளில் சுமந்து பள்ளிக்கு அழைத்துச் சென்றவரோ, ஒரு காலத்தில் கொள்ளையராக இருந்தவர்! அவருக்குச் சிறைத் தண்டனை வழங்கியவர் பகவான் சந்திரரே. தண்டனை முடிந்து வந்து பிழைக்க வழியின்றி நின்றவருக்குத் தம் வீட்டிலேயே வேலை கொடுத்ததும் அவரே. பின்னர் வர்த்தமானுக்கு மாற்றலாகிச் சென்றபோது, பெற்றோரை நோய்க்குப் பறிகொடுத்த சிறுவர்களுக்காகத் தம் வளாகத்திலேயே தச்சுவேலையும் உலோகவேலையும் கற்பிக்கும் பட்டறையைத் தொடங்கினார். மரமும் பித்தளையும் கருவிகளாக உருப்பெறுவதைப் போஸ் அங்கே கண்டார். பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்த கல்வி இது. ஆனால் இதற்கென்று எவரும் சான்றிதழ் தரவில்லை.

பின்னர்க் கொல்கத்தாவில் ஹேர் பள்ளி, தூய சவேரியார் பள்ளி, தூய சவேரியார் கல்லூரி எனக் கல்வி தொடர்ந்தது. கல்லூரியில் அருட்தந்தை லஃபோன் இயற்பியல் கற்பித்தார். கரும்பலகையில் எழுதிப்போட்டு அமைந்துவிடாமல், ஒவ்வொரு கோட்பாட்டையும் மாணவர் கண்முன் சோதனையாகச் செய்து காட்டுவது அவர் வழக்கம். போஸுக்கு அவ்வகுப்புகள் மிகவும் பிடித்திருந்தன. எனினும், இயற்பியலே தம் வாழ்வு என்று அவர் அப்போது முடிவு செய்யவில்லை. செடிகொடிகள் மீதும் உயிர்கள் மீதும் கொண்ட இளமைக்கால ஈடுபாடு அவர் உள்ளத்தின் ஒரு பக்கத்தில் அப்படியே இருந்தது. இந்நிலையில் 1879இல் அவர் இளங்கலைப் பட்டம் பெற்றார்.

தந்தை மறுத்த பதவி

பட்டம் கைக்கு வந்தபோது குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. நாட்டு மக்களுக்குத் தொழில் வாய்ப்புகளை உருவாக்க வேண்டும் என்ற ஆர்வத்தால் பகவான் சந்திரர் அசாமில் தேயிலைத் தோட்டத்திலும் பம்பாயில் நெசவுத் தொழிலிலும் பணத்தை ஈடுபடுத்தியிருந்தார். அவை நட்டத்தில் முடிந்தன. அவர் உடல்நலமும் சீர்கெட்டது.

இச்சூழலில் மூத்த மகன் செய்யத்தக்கது ஒன்றே எனப் போஸ் எண்ணினார். இங்கிலாந்து சென்று இந்திய ஆட்சிப்பணித் தேர்வில் வெல்வது; உயர்ந்த ஊதியம் பெற்றுத் தந்தையின் கடனை அடைப்பது. அன்றைய இந்திய இளைஞர் எட்டத்தக்க மிக உயர்ந்த பதவி அது. அதை அடைவதற்கான அறிவும் அவருக்கு இருந்தது. தடை சொன்னவர் தந்தையார்தாம். தாமே அரசு அலுவலராக வாழ்நாளைக் கழித்தவர், மகன் பிறரை ஆளும் அதிகாரியாவதை விரும்பவில்லை. அறிவுத்துறையில் ஈடுபடவேண்டும் என்றே விரும்பினார். கடன்பட்டவர் நெஞ்சம் கலங்கும் என்பர். கலங்கிய நிலையிலும், கடனைத் தீர்க்கும் எளிய வழியை வேண்டாம் என்று மறுத்த அத்தந்தையின் உறுதி வியப்பிற்குரியது. இன்ன துறையைத்தான் படிக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தவும் இல்லை. ஒரு கதவை மட்டும் அடைத்தார்; மற்றவற்றைத் திறந்தே வைத்தார்.

அறிவியலோடும் தொடர்புடையதாய், வருவாய்க்கும் வழி தருவதாய் எஞ்சியது மருத்துவம். உயிரியல் மீது தமக்கிருந்த விருப்பத்திற்கும் குடும்பத்தின் தேவைக்கும் அது பொருந்தும் எனப் போஸ் கருதினார். தந்தையார் இசைந்தார். முன்பே ஒரு மகனை இழந்திருந்த தாயாருக்கோ, இன்னொரு மகனைக் கடல் கடந்து அனுப்ப மனம் வரவில்லை. சிலகாலம் சென்றபின் அவர் மனம் மாறினார். பயணச் செலவுக்குத் தம் அணிகலன்களை விற்கவும் முன்வந்தார். 1880இல் போஸ் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

காய்ச்சலும் மருத்துவப் படிப்பும்

புறப்படுவதற்கு முன்பே அவருடன் ஒரு பகையும் சேர்ந்துகொண்டது. அசாமில் வேட்டைக்குச் சென்றிருந்தபோது பற்றிய கடுங்காய்ச்சல் அவரை விடவில்லை. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாராக அது இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. கப்பலிலும் காய்ச்சல் வந்தது, லண்டனிலும் தொடர்ந்தது.

முதலாண்டில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் ஆகியவற்றைப் பயின்றார். ரே லங்கெஸ்டர் என்னும் புகழ்பெற்ற அறிஞர் விலங்கியல் கற்பித்தார். அவ்வாண்டு நன்றாகவே கழிந்தது. இரண்டாம் ஆண்டில் உடற்கூறியல் தொடங்கியது. பிணங்களை அறுத்துப் பயிலும் கூடத்தின் நெடி அவர் நோயை மிகுவித்தது. கூடத்திற்குள் சென்றுவரும்தோறும் காய்ச்சல் திரும்பியது. அவரைக் கவனித்த மருத்துவர்களும் ஆசிரியர்களும் மருத்துவப் படிப்பைக் கைவிடுமாறு அறிவுறுத்தினர்.

அந்த நாள்களில் அவர் நிலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆட்சிப்பணியைத் தந்தை மறுத்தார்; மருத்துவத்தை உடல் மறுத்தது. ஊரில் கடன். விற்கத் துணிந்த தாயின் நகைகள் நினைவில். வயதோ 22ஐத் தாண்டிவிட்டது. ஊர் திரும்பிவிட்டால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார். அவர் திரும்பவில்லை. அவருடைய தமக்கையின் கணவர் ஆனந்தமோகன் போஸ், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் ராங்ளர் என்னும் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியர். அங்குள்ள கிறைஸ்ட் கல்லூரியின் மாணவர். அதே கல்லூரியில் இயற்கை அறிவியல் பயிலப் போஸுக்கு உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. 1882 ஜனவரியில் அவர் லண்டனை விட்டுக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

எல்லா வகுப்புகளிலும் ஒரு மாணவர்

இயற்கை அறிவியல் என்பது ஒரே பாடமன்று. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், நிலவியல், உடலியங்கியல் என அது பல கிளைகளாக விரியும். அவற்றுள் எதைத் தேர்வது என்பது போஸுக்குத் தெரியவில்லை. தெரியாததை மறைக்கவும் இல்லை. அவசரப்பட்டு ஒன்றைப் பற்றிக்கொள்ளவும் இல்லை. முதலாண்டில் பல வகுப்புகளுக்கும் ஆய்வகங்களுக்கும் சென்றார். மைக்கேல் ஃபாஸ்டரின் உடலியங்கியல் வகுப்பில் அமர்ந்தார். சில மாதங்களில் ஆல்ப்ஸ் மலையில் விழுந்து உயிர்நீத்த இளம் அறிஞர் பால்ஃபரிடம் கருவியல் கேட்டார். நிலவியலையும் விட்டுவைக்கவில்லை.

பார்ப்பவர்க்கு இது நிலையில்லாத மனத்தின் அலைச்சலாகத் தோன்றியிருக்கும். ஆனால் அலைச்சலுக்கும் தேடலுக்கும் வேறுபாடு உண்டு. போஸ் ஒவ்வொரு துறையையும் நூலின் பெயரைக் கொண்டோ, பதவியின் மதிப்பைக் கொண்டோ எடைபோடவில்லை. வகுப்பில் அமர்ந்து, ஆய்வகத்தில் நின்று, தம் கையும் மனமும் எதில் தோய்கின்றன என்று பார்த்தார். அவ்வாறு பார்த்தபின் பலவற்றை விட்டார். எஞ்சியவை மூன்று: இயற்பியல், வேதியியல், தாவரவியல்.

இயற்பியலுக்கு ராலே பிரபு ஆசிரியராக வாய்த்தார். மாக்ஸ்வெல் வகித்த கேவண்டிஷ் பேராசிரியர் பதவியில் அப்போது அமர்ந்திருந்தவர் அவர். அளவீட்டில் சிறிய பிழையையும் பொறுக்காதவர். ஒரு சோதனையை எத்தனை முறை, எவ்வளவு பொறுமையாகச் செய்யவேண்டும் என்பதைப் போஸ் அவரிடம் கற்றார். தாவரவியலை வைன்ஸ் என்பவரிடமும், சார்லஸ் டார்வினின் மகனான ஃபிரான்சிஸ் டார்வினிடமும் பயின்றார். பின்னாளில் இயற்பியல் பேராசிரியராகப் போகும் ஒருவர் தாவரவியலை ஏன் படித்தார் என்று அன்று கேட்டிருந்தால், பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு விடை இருந்திருக்காது. ஃபரித்பூர்ப் பள்ளியில் கேட்ட கதைகளின் தொடர்ச்சி அது. 1884இல் அவர் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் பெற்றார்.

ஊதியம் பெறாத பேராசிரியர்

தாயகம் திரும்பிய போஸ், 1885இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். அந்நியமனம் எளிதில் கிடைக்கவில்லை. இந்தியர்களுக்கு அறிவியலைத் திறம்படக் கற்பிக்கும் ஆற்றல் இல்லை என்னும் எண்ணம் கல்வித்துறை அதிகாரிகளிடம் வேரூன்றியிருந்தது. அரசப்பிரதிநிதி ரிப்பன் பிரபுவின் பரிந்துரையும் வேண்டியிருந்தது.

பணியில் சேர்ந்தபின் மற்றொரு சிறுமை காத்திருந்தது. ஒரே வேலையைச் செய்யும் ஐரோப்பியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. போஸின் பதவி தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி. அதாவது, மூன்றில் ஒரு பங்கு. போஸ் வேலையை மறுக்கவில்லை, ஊதியத்தை மறுத்தார். மாதந்தோறும் வந்த காசோலையைத் தொடாமல், மூன்று ஆண்டுகள் முழுமையாகப் பாடம் நடத்தினார். வீட்டில் கடன் தீராதிருந்த காலத்தில் இதைச் செய்தார் என்பதை மறந்துவிடலாகாது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அரசு இறங்கிவந்தது. பணி நிலையாக்கப்பட்டு, சேர்ந்த நாள் முதல் முழு ஊதியமும் கணக்கிட்டு வழங்கப்பட்டது. அத்தொகை தந்தையின் கடனுக்குச் சென்றது. பூர்வீகச் சொத்துகளும் விற்கப்பட்டன. எஞ்சியதை அவர் தம் உழைப்பால் அடைத்தார்.

இம்மூன்று ஆண்டுகளில் அவருக்குத் துணைநின்றவர், 1887இல் அவரை மணந்த அபலா. இவருக்கும் தமிழ்நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. மருத்துவம் பயில விரும்பிய அபலா பெண் என்பதால் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடம் பெற முடியவில்லை. எனவே 1882இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து பயின்றார். உடல்நலக் குறைவால் அவரும் படிப்பை நிறைவு செய்ய இயலாமற் போயிற்று. மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட இருவர் இவ்வாறு இல்லறத்தில் இணைந்தனர். அபலா பின்னாளில் பெண்கல்விக்காக நிலையான தொண்டு புரிந்தார். 1919இல் நாரி சிக்ஷா சமிதி என்னும் அமைப்பை நிறுவி வங்கச் சிற்றூர்களில் பள்ளிகள் உருவாக வழிசெய்தார்.

24 சதுர அடி

கல்லூரியில் ஆராய்ச்சிக்கென்று ஆய்வகம் இல்லை. போஸுக்குக் கிடைத்தது 24 சதுர அடிப் பரப்புள்ள ஒரு சிற்றறை. முறையான பயிற்சி இல்லாத தகரவேலைக்காரர் ஒருவரைப் பழக்கி, தமக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொண்டார். வர்த்தமான் பட்டறையில் சிறுவயதில் கண்டது வீண்போகவில்லை. 1894ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், தம் 36ஆம் பிறந்தநாளில், இனி வாழ்வை ஆராய்ச்சிக்கே அளிப்பது என உறுதிபூண்டார். கடன்சுமை குறைந்து, கற்பித்தலில் நிலைபெற்று, ஓர் எளிய வாழ்க்கை கைவந்த வேளையில் எடுத்த முடிவு இது.

ஹெர்ட்ஸ் கண்டறிந்திருந்த மின்காந்த அலைகள் நீளமானவை. அவற்றைக் கொண்டு ஒளியின் பண்புகளை ஒப்பிட்டு ஆராய்வது கடினம். அலைநீளம் 5 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகிய அலைகளைப் போஸ் உருவாக்கினார். இன்று நுண்ணலை என வழங்கும் துறையின் முதல் அடிகளுள் இதுவும் ஒன்று. 1895இல் கொல்கத்தா நகர மன்றத்தில், கண்ணுக்குத் தெரியாத அலை சுவர்களை ஊடுருவிச் சென்று தொலைவில் இருந்த மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவும் செய்ததைப் பொதுமக்கள் கண்டனர். அவ்வலைகளின் பண்புகளை ஆராய அவர் பயன்படுத்திய பொருள்களும் சுவையானவை. தாள்களுக்கிடையே தகரத்தாள் செருகிய ரயில்வே கால அட்டவணைப் புத்தகம் ஒரு கருவியாயிற்று. வங்கத்தில் விளையும் சணலை முறுக்கிய கட்டு மற்றொன்றாயிற்று. அவருடைய ஆய்வுரையை லண்டன் ராயல் கழகத்திற்கு அனுப்பிவைத்தவர், கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ராலே பிரபுவே. 1896இல் லண்டன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் நிறுவனத்தில் உரையாற்றும் சிறப்பும் வாய்த்தது.

கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றுப் பொருளீட்ட அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலால் பெறப்பட்ட அமெரிக்கக் காப்புரிமை ஒன்றையும் காலாவதியாக விட்டுவிட்டார். அறிவு எல்லார்க்கும் பொது என்பது அவர் கொள்கை. அக்கொள்கையால் அவர் இழந்த செல்வம் சிறிதன்று என்று இன்றும் சிலர் வருந்துவர்.

மீண்டும் ஒரு தேர்வு

மின்காந்த அலைகளை உணரும் கருவியை நெடுநேரம் இயக்கினால் அதன் உணர்திறன் குறைவதையும், சற்று ஓய்வு கொடுத்தால் திரும்புவதையும் போஸ் கவனித்தார். அதை வரைபடமாக இட்டபோது, களைத்த தசையின் வரைபடத்தை அது ஒத்திருந்தது. இயற்பியலாளர் மட்டுமாக இருந்திருந்தால் அவ்வொப்புமை அவர் கண்ணில் படாமலே போயிருக்கலாம். ஃபாஸ்டரின் உடலியங்கியல் வகுப்பில் அமர்ந்தவர் அல்லவா அவர்! உலோகத்திற்கும் தசைக்கும் இடையில் உள்ள தாவரம் தூண்டலுக்கு எவ்வாறு துலங்கும் என்னும் வினா எழுந்தது.

அவர் வாழ்வின் மிகக் கடினமான தேர்வு இப்போதுதான் வந்தது. வயது 40ஐக் கடந்துவிட்டது. இயற்பியலில் உலகப் புகழ் சேர்ந்துவிட்டது. தாவர ஆராய்ச்சிக்குச் சென்றால் அவர் அங்கே புதியவர், அத்துறையினருக்கு அயலார். 1901இல் லண்டனில் தம் முடிவுகளை அவர் எடுத்துரைத்தபோது, மூத்த உடலியங்கியல் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். இயற்பியலாளர் தம் எல்லைக்குள் நின்றுகொள்வதே நன்று என்னும் பொருள்பட அறிவுரையும் வழங்கினர். ராயல் கழகத்தில் அவர் படித்த கட்டுரை அச்சேறாமல் நின்றுபோயிற்று.

அப்போது உதவிக்கு வந்தவர் வைன்ஸ். கேம்பிரிட்ஜில் தாவரவியல் கற்பித்த அதே ஆசிரியர், அந்நாளில் லின்னேயன் கழகத்தின் தலைவராக இருந்தார். சோதனைகளை நேரில் வந்து பார்த்தார். தம் கழகத்தில் அவற்றை எடுத்துரைக்க வாய்ப்பளித்தார். 1902இல் போஸ் அக்கழகத்தில் தம் ஆய்வுகளை விளக்கினார். உயிருள்ளவற்றின் துலங்கலையும் உயிரற்றவற்றின் துலங்கலையும் ஒப்பிடும் அவருடைய நூலும் அவ்வாண்டே வெளிவந்தது.

அதன்பின் அவர் தாவரத்தை விட்டு அகலவில்லை. தொட்டாற்சுருங்கியும் தொழுகன்னியும் அவர் மேசையில் இடம்பெற்றன. தாவரம் வளரும் வேகம் கண்ணுக்குப் புலனாகாதது. அதனைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கினார். அதில் கடிகாரப் பொறியும் புகை படிந்த கண்ணாடித் தகடும் இருந்தன. உரமோ நஞ்சோ இட்டால் வளர்ச்சி கூடுவதையும் குறைவதையும் பார்வையாளர் நேரில் காணமுடிந்தது. கருவியை அமைத்தவர் இயற்பியலாளர். எதை அளப்பது என்று அறிந்தவர் தாவரவியலாளர். இருவரும் ஒருவராக இருந்தது அரிய பேறு. தாவரங்களில் மின்குறிப்புகள் பரவுகின்றன என்னும் அவர் கண்டுபிடிப்பைப் பிற்கால ஆய்வுகள் வலுப்படுத்தியுள்ளன. விலங்குகளுக்கு இருப்பது போன்ற நரம்பு அமைப்பு தாவரங்களுக்கும் உண்டு என அவர் கருதியதை அறிவியல் உலகம் அவ்வாறே ஏற்கவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிடுதல் நேர்மை.

1915இல் அவர் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். சத்யேந்திரநாத் போஸும் மேகநாத் சாகாவும் அங்கே அவரிடம் பயின்றவர்கள். 1917 நவம்பர் 30ஆம் நாள், தம் பிறந்தநாளன்று, கொல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். இயற்பியலுக்கு ஒரு கட்டடம், உயிரியலுக்கு ஒரு கட்டடம் என்று அவர் பிரிக்கவில்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஒரு காலத்தில் அவர் கட்டுரையை அச்சிடத் தயங்கிய ராயல் கழகம், 1920இல் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், 79ஆம் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிடி என்னும் ஊரில் போஸ் மறைந்தார். அவர் நிறுவிய நிலையத்தில் இன்றும் இயற்பியலாரும் உயிரியலாரும் பணியாற்றி வருகின்றனர்.